ஆன்லைன் கடை மோசடி: என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து கேட்ட கேள்விகளும் பதில்களும்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், ரேஷன் கார்டு திருத்தம், பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்கள் வேலை முடிந்ததும் போனை நீட்டி, "இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். கொஞ்ச நாளாக அதில் பாதி ஆன்லைன் கடை சமாச்சாரம்தான். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நானும் ஏர் கூலர் வாங்கப் போய் 1,899 ரூபாய் தோற்றவன்தான், அதனால் யாரையும் கேலி செய்கிற உத்தேசம் இல்லை.

அண்ணே, இந்த வெப்சைட் நிஜமா பொய்யானு பாத்து சொல்லுங்க. பாத்தா நல்லாத்தான் இருக்கு.

பார்க்க நல்லாத்தான் இருக்கும். கடை மாதிரி ஒரு பக்கத்தை அரை நாளில் எழுப்ப ரெடிமேட் டிசைன்கள் கிடைக்கின்றன, படங்களை வேறு கடையிலிருந்து அள்ளிக்கொள்ளலாம். அதனால் நான் முகப்பைப் பார்ப்பதே இல்லை. நேராகக் கீழே போய்க் கடையின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், புகார் அதிகாரியின் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகள்படி இதெல்லாம் தளத்தில் இருந்தே ஆக வேண்டும். வெறும் ஜிமெயில் ஐடியும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும் மட்டும் என்றால் எனக்கு அங்கேயே முடிந்தது.

அப்புறம் அந்த வெப்சைட் பெயர் எந்தத் தேதியில் பதிவானது என்று பார்ப்பேன், ஹூயிஸ் (whois) என்று தேடினால் இலவசமாகக் காட்டுகிற தளங்கள் வரும். எனக்குக் கூலர் விற்ற தளத்தில் "2009 முதல் உங்கள் நம்பிக்கை" என்று போட்டிருந்தது. பணம் போன பிறகு பார்த்தால் அது பதிவாகி 19 நாள்தான் ஆகியிருந்தது! ரிட்டர்ன் விதிகள் பக்கத்தையும் படித்துப் பாருங்கள், வேறொரு கடையிலிருந்து நகல் எடுத்துவிட்டு அந்தக் கடையின் பெயரை மாற்றக்கூட மறந்திருப்பார்கள்.

இதையெல்லாம் பார்ப்பது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். பொருள் வரவில்லை என்றால் நான் யார் சட்டையைப் பிடிப்பது? அந்தக் கேள்விக்குப் பெயரும் ஊருமாகப் பதில் கிடைத்தால் மேற்கொண்டு பேசலாம்.

பூட்டு படம் இருந்தா சேஃப்னு சொல்வாங்களே?

பழைய பாடம் அது. பூட்டு என்றால் உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் பொருள். எதிரே உட்கார்ந்திருப்பவன் திருடனா என்று அது சொல்லாது, அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோமில் 2023-ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டார்கள்.

பெரிய கடை பேரு அப்படியே இருக்கே, அப்புறம் எப்படி டூப்ளிகேட்?

பெயர் எங்கே இருக்கிறது என்பதில்தான் சூது. முகவரியில் எச்டிடிபிஎஸ்-க்குப் பின் வரும் இரட்டைக் கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். "பெரியகடை.தீபாவளிசேல்.ஷாப்" என்று இருந்தால் கடையின் பெயர் தீபாவளிசேல், முன்னால் ஒட்டியிருக்கும் பெரியகடை வெறும் அலங்காரம். யார் வேண்டுமானாலும் முன்னால் எதையும் ஒட்டலாம். கோ.இன் என்று முடிந்தால் அந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு அதற்கு முந்தைய சொல்லைப் பாருங்கள்.

பெரிய கடைகளில் வாங்க வேண்டுமானால் அவர்கள் ஆப்பைத் திறந்து நீங்களே தேடுங்கள். பேஸ்புக் விளம்பரம், வாட்ஸ்அப் ஃபார்வேர்டு வழியாக உள்ளே போகாதீர்கள். 60,000 ரூபாய் போன் 4,999-க்கு அந்தக் கடையில் நிஜமாகவே விற்றால் ஆப்பிலும் இருக்கும்தானே.

டைமர் ஓடுது அண்ணே, இன்னும் 9 நிமிஷத்துல ஆஃபர் முடிஞ்சிடுமாம்.

பக்கத்தை ஒருமுறை மூடித் திறங்கள். டைமர் மறுபடி 10 நிமிடத்திலிருந்து ஓடும். இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலே தவறு என்கிறது. மோசடி இல்லாத கடைகள்கூட இதைச் செய்கின்றன என்பதால் டைமரை மட்டும் வைத்துக் கடையை ஒதுக்க மாட்டேன். ஆனால் டைமர் ஓடும்போது வாங்கவும் மாட்டேன்.

ஜிஎஸ்டி நம்பர் போட்டிருக்கான். அப்போ கவர்மெண்ட்ல பதிவானவன்தானே?

நம்பர் போடுவது சுலபம், வேறொருவருடைய நம்பரைப் போடுவது அதைவிடச் சுலபம். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32, புதுச்சேரிக்கு 34. "எங்கள் கடை சேலம்" என்று சொல்லிவிட்டு 07 என்று தொடங்கினால் அது டெல்லிப் பதிவு, ஏன் என்று கேளுங்கள். அடுத்த 10 எழுத்தும் அந்த வியாபாரியின் பான் எண். அதில் நாலாவது எழுத்து பி என்றால் தனி ஆள், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், சி என்றால் கம்பெனி. தளத்தில் "பிரைவேட் லிமிடெட்" என்று மார்தட்டிவிட்டு நம்பரில் பி இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

அரசின் ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டுத் தேடலாம். பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தானதா எல்லாம் வரும். ஒருமுறை ஒரு ஷூ கடையின் நம்பரைத் தேடினால் யாரோ ஒருவரின் டைல்ஸ் கடை வந்தது. பாவம், அந்த டைல்ஸ்காரருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. மறுபக்கமும் உண்டு: சின்ன வியாபாரிகள் பலருக்கு ஜிஎஸ்டி கட்டாயமே இல்லை, எனவே நம்பர் இல்லாததாலேயே ஒருவரைத் திருடன் என்றும் சொல்லிவிட முடியாது.

இன்ஸ்டாகிராம்ல காஞ்சிப் பட்டு 899 ரூபாய்னு போட்டிருக்காங்க தம்பி. ஆயிரம் பேரு லைக் போட்டிருக்காங்க, எப்படி பொய்யா இருக்கும்?

அக்கா, முதலில் கணக்குப் போடுங்கள். கச்சாப் பட்டு கிலோ பல ஆயிரம் ரூபாய். ஜரிகை போட்ட காஞ்சிப் பட்டு பொதுவாக அரைக் கிலோ எடையாவது நிற்கும். நெசவாளி கூலி, சாயம், ஜரிகை எதையும் சேர்க்காமல் நூல் விலையே 899-ஐத் தாண்டிப் போய்விடுகிறது. லைக்கைக் காசு கொடுத்து வாங்கலாம். கமெண்ட் பெட்டியை மூடி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஏமாந்தவர்கள் புலம்புகிற இடம் அதுதான் என்பதால் முதலில் அதைத்தான் மூடுவார்கள்.

இதைக் கேட்ட அக்கா ஆர்டர் போட்டு முடித்த பிறகுதான் என்னிடம் வந்தார். பார்சல் வந்ததும் என் மேஜையிலேயே பிரித்தோம். நிறம் அதேதான், ஆனால் கையில் வழவழவென்று நழுவியது. முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினேன். பட்டு என்றால் முடி பொசுங்கும் வாடை அடிக்கும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். இது உருகிக் கறுப்பாகக் கடுகு மாதிரி உருண்டது, நகத்தால் நசுக்கினாலும் உடையவில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் புடவையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விற்பவரை வீடியோ காலில் வரச் சொல்லி, அதே புடவையை அன்றைய நாளிதழ் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிஜமாகத் தொழில் செய்கிறவர்கள் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்றும் கேளுங்கள், அது மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் தருகிற முத்திரை.

கேஷ் ஆன் டெலிவரி போட்டா பயமில்லைல்ல?

முன்பணத்தைவிட நல்லது, அவ்வளவுதான். பல கூரியர்களில் காசு கொடுத்த பிறகுதான் பெட்டியைத் தொடவே விடுவார்கள். காசு கைமாறிய பிறகு உள்ளே பழைய துணி இருந்தால் கொண்டுவந்த பையனால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் சீட்டை முதலில் படியுங்கள். அனுப்பியவர் பெயர் நீங்கள் ஆர்டர் போட்ட கடையின் பெயரா, முகவரி முழுதாக இருக்கிறதா? சம்பந்தமே இல்லாத பெயர் என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வாங்கினால் சீட்டு தெரிகிற மாதிரி தொடங்கி, பிரிப்பதை நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

நான் ஆர்டரே போடல. பார்சல் வந்து எங்கம்மா 650 ரூபா குடுத்து வாங்கிட்டாங்க.

உங்கள் பெயரும் முகவரியும் எங்கிருந்தோ கசிந்திருக்கிறது, பையன் ஏதோ வரவழைத்திருப்பான் என்று பெரியவர்கள் காசைக் கொடுத்துவிடுவார்கள் என்ற கணக்கில் அனுப்புகிறார்கள். வீட்டில் ஒரே ஒரு பழக்கம் போதும்: போன் போட்டுக் கேட்காமல் எந்தப் பார்சலுக்கும் காசு இல்லை. எங்கள் வீட்டில் நிலைக்கதவு உள்பக்கம் இதை எழுதி ஒட்டியிருக்கிறேன், அம்மாவுக்குக் கோபம்தான்.

அமேசான், பிளிப்கார்ட்னா கண்ண மூடிட்டு வாங்கலாமா?

அவை சந்தை மாதிரி, உள்ளே கடை போட்டிருப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். பொருளுக்குக் கீழே விற்பவர் பெயர் இருக்கும், அதைத் தொட்டால் எத்தனை பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று வரும். மொத்த நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படிப்பது மேல். "வந்தது வேறு பொருள்" என்று நாலைந்து பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் விலகிவிடுங்கள்.

இங்கே உங்களுக்கு இருக்கிற பெரிய பலம், முதல் பதிலில் சொன்னபடி பிடிக்க ஒரு சட்டை இருப்பது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் விற்பவர் தனியாக மெசேஜ் அனுப்பி, "ஆப்பில் கேன்சல் பண்ணிட்டு எனக்கு நேரா ஜிபே பண்ணுங்க, 200 ரூபாய் குறைக்கிறேன்" என்றால் அந்தச் சட்டையை நீங்களே கையிலிருந்து விடுகிறீர்கள். டெலிவரி ஓடிபியையும் பெட்டி கைக்கு வருவதற்கு முன்னால் சொல்லாதீர்கள்.

சிவகாசில இருந்து 80% தள்ளுபடில பட்டாசு, வாட்ஸ்அப்ல விலைப்பட்டியல் வந்திருக்கு. போடலாமா?

புரட்டாசி பிறந்தால் தினமும் இந்தக் கேள்விதான். முதலில் அந்த 80%. பட்டியலில் போட்டிருக்கும் விலையே ஏற்றிப் போட்டது, நேர்மையான கடைக்காரர்கள் பட்டியலிலும் இப்படித்தான் இருக்கும். அதனால் தள்ளுபடியை வைத்து நல்லவன் கெட்டவன் பிரிக்க முடியாது.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டது. அதனால்தான் இந்தத் தளங்களில் "இது விற்பனை இல்லை, விலை விசாரிப்பு மட்டும், 24 மணி நேரத்தில் உங்களைக் கூப்பிடுவோம்" என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் பெட்டியை நிரப்பி அனுப்பினால் போனில் கூப்பிட்டு ஒரு கணக்குக்குப் பணம் போடச் சொல்வார்கள், சரக்கு லாரி பார்சல் ஆபீசுக்கு வரும், நீங்கள் போய் எடுத்து வர வேண்டும். இப்படி வாங்கிச் சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மோசடிக்காரனும் இதே நடைமுறையைத்தான் வரிக்கு வரி காப்பி அடிக்கிறான், கடைசியில் ஒரு பொய் எல்.ஆர். ரசீதின் (லாரியில் சரக்கு ஏற்றியதற்குத் தருவது) போட்டோவை அனுப்பிவிட்டு நம்பரை அணைத்துவிடுகிறான். ரசீது கையில் இருக்கிறதே என்று நீங்கள் மூன்று நாள் பார்சல் ஆபீசுக்கு நடப்பீர்கள், அந்த மூன்று நாள்தான் அவனுக்கு வேண்டியது.

விற்பனையே விதிக்கு வெளியே நடக்கும்போது பில், ரிட்டர்ன், கேஷ் ஆன் டெலிவரி எதுவும் கிடையாது. என் யோசனை, நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வண்டி எடுத்துச் சிவகாசிக்கே போய் லைசென்ஸ் உள்ள கடையில் வாங்குங்கள், இல்லை உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். 500 ரூபாய் கூடப் போகட்டும்.

பழைய வாஷிங் மெஷினை விக்கப் போட்டேன். மிலிட்டரிக்காரர் ஒருத்தர், பணம் அனுப்ப க்யூஆர் கோடு அனுப்பிருக்கார்.

ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு க்யூஆரை ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். யாரோ அனுப்பிய க்யூஆருக்குப் பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். சீருடைப் போட்டோ, கேண்டீன் கார்டு, "அவசர டிரான்ஸ்ஃபர், நேரில் வர முடியாது" எல்லாம் வருடக்கணக்காக ஓடுகிற நாடகம். நிஜமான ராணுவக்காரர்களுக்குத்தான் இதில் கெட்ட பெயர்.

பணம் போட்டுட்டேன், இப்ப போனை எடுக்க மாட்டேங்கறான். என்ன பண்றது?

படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். ராத்திரியானாலும் கூப்பிடலாம். உங்கள் பணம் போன கணக்கு பெரும்பாலும் யாரிடமோ வாடகைக்கு வாங்கியது, அங்கிருந்து கொஞ்ச நேரத்தில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போய் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். நடுவழியில் இருக்கும்போது சொன்னால் முடக்கி வைக்க முடியும். பணம் அனுப்பிய ரசீதில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண், தொகை, நேரம், எந்த வங்கி என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரைப் பதியுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

கோபத்தில் சாட்டை அழித்துவிட்டு அவனை பிளாக் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பிளாக் பிறகு செய்துகொள்ளலாம், முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது, வங்கியில் "சார்ஜ்பேக்" (கடைக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொல்வது) என்று கேட்டுப் படிவம் கொடுங்கள். அதற்கு நாள் கெடு உண்டு. தெரியாத கடை என்றால் நான் யுபிஐயைவிடக் கிரெடிட் கார்டையே எடுப்பதற்கு இதுதான் காரணம்.

3 நாளுக்குள்ள பேங்க்ல சொன்னா முழுப் பணமும் வந்துடும்னு ஒருத்தர் சொன்னாரே?

பாதி உண்மை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது, ஆனால் அது உங்களுக்குத் தெரியாமல் உங்கள் கணக்கிலிருந்து நடந்த பரிவர்த்தனைக்கு. உங்கள் பக்கமும் வங்கி பக்கமும் தப்பில்லாமல் நடந்ததை 3 வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் உங்களுக்கு இல்லை. போலிக் கடைக்கு நீங்களே பின் போட்டு அனுப்பினால் வங்கி அதை உங்கள் சம்மதத்தோடு போன பணமாகத்தான் பார்க்கும். அதனால்தான் முந்தைய பதிலில் 1930-ஐ முதலில் சொன்னேன்.

ரீஃபண்டு கேக்க கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடினேன். ஒரு ஆப் போடச் சொல்றாங்க சார்.

போடாதீர்கள். அது உங்கள் திரையை அவர்கள் பார்க்க வைக்கிற ஆப், நீங்கள் பின் தட்டும்போது அங்கே ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பான். தேடலில் முதலில் வரும் நம்பர் கடையுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பகுதியிலிருந்து மட்டும் கூப்பிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்களைத் தேடி "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், 10% முன்பணம்" என்று வருகிறவர்களும் இதே கூட்டம்தான். தபால் ஆபீஸ் பெயரில் "முகவரி சரியில்லை, 12 மணி நேரத்தில் திருத்துங்கள்" என்று லிங்க்கோடு வரும் மெசேஜும் அப்படித்தான், தொடாமல் அழித்துவிடுங்கள்.

499 ரூபாய்க்கெல்லாம் கம்ப்ளெய்ண்ட் குடுத்தா சிரிக்க மாட்டாங்களா?

சிரித்தால் சிரிக்கட்டும். 499 என்று விலை வைப்பதே நீங்கள் இப்படி நினைப்பீர்கள் என்றுதான். ஒரே கணக்கு எண் மேல் இருபது ஊரிலிருந்து இருபது புகார் சேர்ந்தால் அந்தக் கணக்கு முடங்கும். ஆன்லைனிலேயே பதியலாம், ஸ்டேஷன் வாசலில் நிற்கத் தேவையில்லை.

பொருள் வந்துச்சு, ஆனா போட்டோல இருந்தது இல்ல. இதுக்கும் 1930-ஆ?

இதுதான் சிக்கலான கேள்வி, எனக்கே சில சமயம் குழப்பம் வரும். கடைக்கு முகவரி இருக்கிறது, போனை எடுக்கிறார்கள், மாற்றித் தர மட்டும் மறுக்கிறார்கள் என்றால் அது நுகர்வோர் தகராறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். கடையே மாயமாகிவிட்டது, முகவரி பொய் என்றால் அது மோசடி, அப்போதுதான் 1930.

1915-ல் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை குஜராத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் முடியும். ஆனால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக முகவரி வேண்டுமே? வாங்கும் முன் முதல் கேள்வியில் சொன்னதைச் செய்தவர்களிடம்தான் அது இருக்கும்.

நாங்களே இன்ஸ்டாகிராம்ல நைட்டி விக்கிறோம். எங்களையும் ஃப்ராடுன்னு நினைச்சு யாரும் முன்பணம் போட மாட்டேங்கறாங்க. நாங்க என்ன பண்றது?

இதைக் கேட்டவர் பக்கத்துத் தெரு மதினி, மிஷின் போட்டு வீட்டிலேயே தைக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் திருப்பிப் போட்டுச் செய்யுங்கள் என்றேன். பக்கத்தில் வீட்டு முகவரியும் பகலில் எடுக்கும் போன் நம்பரும் போட்டாயிற்று. கமெண்டைத் திறந்து வைத்தாயிற்று, "கலர் போகுது" என்று ஒருவர் திட்டியதைக்கூட அழிக்காமல் கீழே பதில் எழுதினார். கணக்கு அவர் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது, ஜிபேயில் வேறு பெயர் வந்தால் யார்தான் நம்புவார்கள் என்று மதினி பெயரிலேயே மாற்றினோம். பாதி முன்பணம், மீதி கைக்கு வந்த பிறகு என்று வைத்தார். அதில் இரண்டு பேர் மீதியைத் தரவே இல்லை, அவர்களை என்ன செய்வது என்று இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.